கோழிக்குப் போட்ட புறா வளையம்

காலை நடை முடிந்து சொசைட்டி பெஞ்சில் உட்கார்ந்ததும் நமக்கெல்லாம் ஒரு வியாதி வந்துவிடுகிறது. சர்க்காரி குவார்ட்டர்ஸ் காலத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறோம். கதவைத் தாழ் போட்டதே இல்லை, பக்கத்து வீட்டுத் தட்டில் சாப்பிட்டோம், மொட்டை மாடியில் வரிசையாகக் கட்டில் போட்டுத் தூங்கினோம் என்று ஆளாளுக்குப் பெருமூச்சு. நானும் இத்தனை நாள் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் உங்களில் ஒருவர், "அப்பல்லாம் மனுஷங்களுக்குள்ள ஒரு இது இருந்துச்சு" என்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன இது? எங்கள் வீட்டில் இருந்த 'இது' என்னவென்று நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் பெருமூச்சு விடுங்கள்.

லோதி ரோடு பக்கம் தரைத்தளக் குவார்ட்டர் எங்களுடையது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் மதில் எழுப்பிய சின்ன ஆங்கன். அந்த முற்றத்தில்தான் குழாய், துணிக்கொடி, அங்கீட்டி என்கிற கரியடுப்பு, அப்பாவின் சைக்கிள் எல்லாம். வீட்டில் அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையான என் தம்பி. ஊர் கோவில்பட்டிப் பக்கம். அப்பா ஓர் அமைச்சகத்தில் ஸ்டோர்ஸ் செக்‌ஷன் கிளார்க்.

அப்பாவின் வேலை அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். வாளியின் அடியில் வெள்ளை பெயின்டில் வீட்டு நம்பர் இருக்கும். சொம்பில், குடைப்பிடியில், என் சிலேட்டின் மரச்சட்டத்தில் அவருடைய இனிஷியல். விளக்குமாற்றில்கூட ஒரு பச்சை நூல் கட்டியிருப்பார். அடையாளம் இல்லாத சாமான் அடுத்தவன் சாமான் என்பது அவர் கொள்கை. நாங்கள் சிரிப்போம். சிரித்திருக்கக் கூடாது.

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, மெட்ராஸ் வண்டியில் வந்து இறங்கினாள். டெல்லிக்கு வந்த ஊர்க்காரர் யாரோ துணைக்கு அழைத்து வந்து விட்டுவிட்டுப் போனார். ஒரு தகரப் பெட்டி, ஒரு துணிப்பை. முன்கையில் பளபளவென்று ஒரு சூட்டுத் தழும்பு. "எண்ணெ தெறிச்சிட்டு" என்று அம்மா எனக்குச் சொன்னாள். எண்ணெய் அப்படி நீளமாக, நேர்க்கோடாகத் தெறிக்குமா என்று கேட்கிற வயதில்லை எனக்கு. மாமா அடிக்கிறவர், குடித்தால் கையில் எது கிடைக்கிறதோ அதனால் அடிக்கிறவர், கலியாணமாகி இத்தனை வருஷத்தில் குழந்தை இல்லையென்று ஊரே அத்தையைத்தான் ஏசியது என்பதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தவை.

அப்பா, "கொஞ்ச நாள் இருக்கட்டும், சூடு ஆறட்டும்" என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. அத்தை நானும் தம்பியும் படுக்கும் அறையில், என் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தாள். கால் நீட்ட இடமில்லாமல் சுருண்டுதான் படுப்பாள். வீட்டு வேலை முழுக்க அவள் கைக்குப் போயிற்று. இருந்தாலும் தட்டில் சோறு போடும்போது அம்மாவின் கரண்டி ஒரு நொடி நிற்கும். அதை அத்தை பார்ப்பாள். நானும் பார்ப்பேன்.

அப்போதுதான் கோழிக்குஞ்சு வந்தது. சைக்கிளில் பெரிய கூடை வைத்துக்கொண்டு ஒரு ஆள் சந்தில் கூவிக்கொண்டு வந்தான். எல்லாம் ஃபாரம் குஞ்சு, பஞ்சுபோல வெள்ளை. அத்தை துணிப்பையிலிருந்த காசு முடிச்சை அவிழ்த்துக் குஞ்சுகளை வாங்கினாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியும் அதே கூடையில், அதே நேரத்தில் வாங்கினார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து காலி ஆப்பிள் பெட்டி இரண்டு கொண்டுவந்து, அந்த வைக்கோலோடேயே கூடு செய்தாள் அத்தை. அந்தப் பெட்டியில் வரும் ஆப்பிள் வாசனையும் கோழி எச்சத்தின் காரமும் சேர்ந்த ஒரு வாடை உண்டே, அது இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

"இதுக முட்டெ வைக்க ஆரம்பிச்சிட்டா நா யாருக்கும் பாரமில்ல மதினி" என்று அத்தை அம்மாவிடம் சொன்னாள். "பிள்ளைகளுக்கு தெனம் ஒரு முட்டெ. மிச்சத்த வித்து என் சோத்துக்கு ஆச்சு."

"வைக்கட்டும், பாப்போம்" என்றாள் அம்மா.

ஆக, அந்தக் கோழிகள் பிழைத்தால் அத்தை எங்கள் வீட்டில் இருப்பாள். பிழைக்காவிட்டால் மாமாவிடம் போவாள். எனக்கே அது தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு முதலில் குஞ்சுகளைத்தான் எண்ணிப் பார்ப்பேன்.

எங்கள் ஆங்கனுக்கும் ஆன்ட்டியின் ஆங்கனுக்கும் நடுவில் ஒரு மதில், அதன் அடியில் தண்ணீர் போக ஒரு ஓட்டை. குஞ்சுகள் அதன் வழியே அங்கும் இங்கும் போய்வந்து சாயங்காலம் எல்லாம் ஒரே கும்பலாகிவிடும். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. அத்தையும் ஆன்ட்டியும் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "யே தேரா, யே மேரா" என்று சிரித்துச் சிரித்துப் பங்கு பிரிப்பார்கள். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், எது யாருடையது என்று இருவருக்கும் கவலையில்லை. அத்தைக்கு ஹிந்தி வந்ததே அந்த மதில் மேல்தான். ஆன்ட்டி அவளுக்கு ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுத்தார். சவுத் எக்ஸ்டென்ஷன் பக்கம் தன் தங்கை நடத்தும் தையல் சென்டரில் குளிர்காலம் முடிந்ததும் சேர்த்துவிடுகிறேன் என்றும் சொல்லியிருந்தார். அத்தை அதை என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது.

அப்பாவால் இந்தப் பங்கு பிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. "நல்லதா நாலு அங்க போயிட்டு நோஞ்சான் நாலு இங்க வந்தா ஒனக்குத் தெரியுமா? மார்க் பண்ணணும்" என்றார்.

அத்தை ரவிக்கைத் துண்டைக் கிழித்துக் காலில் சிவப்பு நாடா கட்டினாள். சிவப்பைக் கண்டால் கோழி விடுமா? ஒன்றின் காலை இன்னொன்று கொத்திக் கொத்தி ரத்தம் வந்துவிட்டது. அப்பா இறக்கையில் நீல மை தடவினார். ஒரு மழைக்குக் கரைந்து போயிற்று. கடைசியில் அத்தை பங்ச்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டு வாங்கி, மெல்லிய வளையமாக வெட்டிப் போட்டாள். அது நன்றாகத்தான் இருந்தது, இழுத்தால் நீளும், கோழிகளும் சட்டை செய்யவில்லை. அப்பா பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "டியூப் அவ வீட்டுலயும் இருக்கும். நாளைக்கு அவளும் வெட்டிப் போட்டுட்டா? நம்பர் அடிச்ச வளையம் கிடைக்கும், நான் கொண்டாறேன்."

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஜாமா மஸ்ஜித் பக்கம் பறவைக் கடைகளுக்குப் போனார். கூண்டுக்கு மேல் கூண்டாகப் புறா, கிளி, காடை. தினையும் எச்சமும் கலந்த புழுதி தொண்டையில் இறங்கியது. அப்பா முந்தின நாளே ஒரு குஞ்சின் காலைப் பென்சிலோடு வைத்துப் பார்த்து, கனம் சரியாக இருக்கிறதென்று அந்தப் பென்சிலைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஸ்டோர்ஸ்காரர் அல்லவா, சாம்பிள் இல்லாமல் சாமான் வாங்கமாட்டார். வளர்கிற உயிருக்கு இன்றைய கனத்தை அளந்து நாளைக்குச் சாமான் வாங்குகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடையில் அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவர் கிளிக்குத் தீனி வாங்கிக்கொண்டு நின்றார். அப்பாவைப் பார்த்து, "க்யா பாய் சாப், கபூதர் பால்னே லகே?" என்றார். புறா வளர்க்கிறீர்களா என்று கேட்கிறார். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் அப்பா ஒரு நிமிஷம் திணறினார். கோழி வளர்க்கிறேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம். இஸ்திரி போட்ட சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக வந்திருக்கிற சென்ட்ரல் கவர்ன்மென்ட் கிளார்க், வீட்டில் கோழி மேய்க்கிறான் என்று திங்கட்கிழமை ஆபீஸ் முழுக்கச் சிரிக்குமே!

"ஹாம் ஜி, பச்சீ கே லியே" என்று என் தலையில் கையை வைத்தார். குழந்தைக்காகப் புறா வளர்க்கிறாராம்.

கடைக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே புறா வளையத்தை எடுத்துப் போட்டார். அலுமினியம், நம்பர் பொறித்தது, வாய் திறந்திருக்கும், காலில் மாட்டி நெருக்க வேண்டும். அப்பா பென்சிலில் மாட்டிப் பார்த்தார். கச்சிதம். "கோழி இல்லப்பா?" என்று நான் தமிழில் கேட்டேன். கையை அழுத்தினார், பேசாமல் இருந்தேன். வரும்போது எனக்கு வேர்க்கடலை கஜக் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார், அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

மறுநாள் சாயங்காலம் ஆங்கனில் வளையம் போடும் வைபவம். அத்தை ஒவ்வொரு குஞ்சாக மடியில் வைத்து முந்தானையால் தலையை மூடுவாள். இருட்டானதும் அது அடங்கிவிடும். ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிப் பிடிப்பாள். மஞ்சளாக, வழவழவென்று இருக்கும் அந்தக் கால். அப்பா வளையத்தை மாட்டி பிளையரால் நெருக்குவார்.

"அண்ணே, கொஞ்சம் வெரல் நொழையற மாதிரி விடேன். வளர்ற உசுரு" என்றாள் அத்தை.

"லூசா விட்டா அவ உருவிருவா. நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்."

அத்தை சும்மா இருந்தாள். அண்ணன் வீட்டுச் சோறு சாப்பிடுகிறவள் இரண்டாம் தடவை சொல்லமாட்டாள்.

வளையத்தோடு கோழிகள் அழகாகத்தான் இருந்தன. நான் நம்பரை வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு வளையம் வாய் பிளந்து கழன்று விழுந்தது, சாக்கடை ஓரத்தில் நானே ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன். அதனால் வளையம் கழன்று விழும் சாமான்தான் என்பது எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது.

தீபாவளி போய் ஸ்வெட்டர் எடுக்கும் காலம் வந்தது. கோழிகள் மளமளவென்று வளர்ந்தன. ஒரு நாள் காலையில் அத்தை இரண்டு கையாலும் எதையோ பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தாள். முதல் முட்டை. சின்னது, இன்னும் சூடு ஆறாதது. அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அம்மாவே சிரித்துவிட்டாள். அன்று எனக்கு அவித்துக் கொடுத்தார்கள், உப்பும் மிளகும் தொட்டுத் தின்றேன். அத்தை எதிரே உட்கார்ந்து நான் தின்பதையே பார்த்தாள்.

அதற்கப்புறம் வளையங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. காலில் இருந்த இடத்தில் தடிப்பும் பொருக்கும்தான் தெரிந்தது. சாக்கடையிலும் இல்லை, கூட்டிலும் இல்லை. அப்பா ஆங்கன் முழுக்கக் குனிந்து தேடிவிட்டு நிமிர்ந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன். உருவறா. வளையத்த உருவிட்டு கோழிய மாத்தறா."

புது வளையம் போடப் பார்த்தார். பென்சில் கனத்து வளையம் வாய் மூடவில்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? ஸ்டோர்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து மூளை மழுங்கிவிட்டதா? "மால் மட்டம்" என்று தூக்கிப் போட்டுவிட்டு, ஆபீஸிலிருந்து டெலிஃபோன் வயர் துண்டு கொண்டுவந்து தடிப்புக்கு மேலே முறுக்கிக் கட்டினார். பிறகு மதிலருகே போய் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆன்ட்டியைக் கூப்பிட்டார்.

"சோர் போல் ரஹே ஹோ முஜே?" என்னைத் திருடி என்கிறாயா என்று ஆன்ட்டி கேட்டார். முதலில் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அப்பா நம்பர், வளையம், கணக்கு என்று அடுக்க அடுக்க அவர் முகம் சிவந்தது, பிறகு அழுதார். அவருடைய வீட்டுக்காரர் வந்தார், சத்தம் ஏறியது. அத்தை நடுவில் போய், "நஹி பெஹன்ஜி, நஹி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா அவளை உள்ளே போகச் சொல்லி அதட்டினார். மறுநாள் மதிலடி ஓட்டையில் செங்கல் வைத்து சிமென்ட் பூசியிருந்தது. தையல் சென்டரும் அதோடு போயிற்று. பாதி பின்னின ஸ்வெட்டர் ஊசியோடு அத்தையின் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது.

மார்கழிக் குளிரில் கோழிகள் நொண்ட ஆரம்பித்தன. ஒன்று, அப்புறம் மற்றொன்று. கால் வீங்கிக் கறுத்தது. முட்டை நின்றது. தீனியைக் கண்டாலும் எழுந்து வராமல் வெயில் விழும் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். அத்தை வயரை அவிழ்த்துவிட்டு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பற்றுப் போட்டாள். போட்டுப் போட்டுக் கால் முழுக்க மஞ்சள் ஓடுபோல இறுகியது. இனி அதற்குள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. ஊரில் கோழிகளுக்கு வரும் சீக்குகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள், எதுவும் ஒத்துவரவில்லை.

மாடி வீட்டில் இருந்தவர் அப்பாவின் அமைச்சகத்திலேயே பெரிய ஆபீசர். அவர் பேத்திக்கு இருமல் வந்தது. "கீழே ஏதோ கோழிச் சீக்கு போலிருக்கே" என்று படியில் நின்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதாதா! அப்பா ராத்திரியெல்லாம் புரண்டார். மறுநாள் கறிக்கடைக்காரன் வந்து தேறின கோழிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு போனான். ஒன்றுமட்டும் நிற்கவே முடியாமல் கிடந்தது, அதை வேண்டாமென்று தள்ளிவிட்டான். முதல் முட்டை வைத்தது அதுதான்.

"அவ கை பட்ட எது தழைச்சிருக்கு, சொல்லுங்க?" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அத்தை அடுத்த அறையில் இருப்பது தெரிந்தே சொன்னாள். "வயித்துலயும் ஒண்ணும் தங்கல. கோழியும் தங்கல. இங்க சின்னப் பிள்ளைக இருக்கு."

இது நடந்த சில நாளில் மாமா வந்து நின்றார். அப்பாதான் வரச்சொல்லி எழுதியிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. புது மஃப்ளர், கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். குரலே எழும்பாமல் பேசினார். "குடிய விட்டுட்டேன் மச்சான்" என்றார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வந்தால் கோழி அடிக்காமல் இருக்க முடியுமா? இருந்தது அந்த ஒன்றுதான்.

வெயில் வந்ததும் அம்மா குழாயடியில் உட்கார்ந்து அதை அறுத்தாள். மாமா குளிக்கப் போயிருந்தார். அத்தை உள்ளே சேலை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் செம்பில் வெந்நீரோடு நின்றேன். கோழிக்காலை எங்கள் வீட்டில் வீணாக்கமாட்டார்கள். வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, தம்பியின் சளிக்கு சூப்பு வைப்பார்கள். அம்மா அந்த வீங்கின காலைச் சட்டி வெந்நீரில் முக்கினாள். மஞ்சள் பற்றுக் கரைந்தது. பொருக்கு ஊறிக் கழன்றது. தோலை இழுத்தாள். உள்ளே சதைக்குள் பளிச்சென்று வளையம். எலும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே சதை மூடி, அப்படியே உள்ளே இருந்தது. நம்பர்கூடத் தெரிந்தது.

அம்மா அசையவில்லை. எனக்கோ வளையத்தைக் கோழி முழுங்கிவிட்டது, அது காலுக்கு இறங்கிவிட்டது என்றுதான் தோன்றியது. சிரிப்புக்கூட வந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார்.

அம்மா கையைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

அப்பா குளியலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "என்ன சொல்ற? அனுப்பித்தான் ஆகணுமா? அவ மூஞ்சிய என்னால பாக்க முடியல. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அம்மா கையை வெளியே எடுத்துக் காட்டியிருந்தால் போதும். சீக்குமில்லை, ராசியுமில்லை, நீங்கள் பிளையரால் நெருக்கினது என்று ஒரு வார்த்தை. என் அப்பா கோழை, வீம்புக்காரர், ஆனால் கல் நெஞ்சுக்காரர் இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே தங்கையை ஆயுசுக்கும் வைத்துக் காப்பாற்றியிருப்பார்.

"உங்க பிள்ளைகளுக்கு ஏதாவது ஒண்ணு ஆனா அப்ப பேசுங்க" என்றாள் அம்மா. கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அம்மா அந்தக் காலை எடுத்து அங்கீட்டிச் சாம்பல் வாளிக்குள் ஆழமாகச் செருகினாள். மேலே சாம்பலைத் தள்ளி மூடினாள். "என்னம்மா அது?" என்றேன். "ஒண்ணுமில்ல. அத்தைட்ட போயி எதையாவது ஒளறிட்டு நிக்காத" என்றாள். பிறகு மற்றக் காலை உரிக்க ஆரம்பித்தாள்.

குழம்பு மணத்தது. மாமா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். "நொண்டியா இருந்தாலும் சதை நல்லாத்தான் இருக்கு" என்று அப்பா சொன்னார். அத்தை சாப்பிடவில்லை. கிளம்பும்போது என் தலையைத் தடவ வந்த கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். "வேண்டாம் தாயி, எங் கை சரியில்ல" என்றாள். ஆட்டோவில் ஏறும்போது பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது.

மாமா குடியை விடவில்லை. இன்னும் பல வருஷம் இருந்து அத்தையின் முன்பல்லை உடைத்து, அப்புறம்தான் போய்ச் சேர்ந்தார். பிள்ளையும் இல்லை. கலியாண வீடுகளில் அத்தையைப் பார்ப்பேன். பந்தலின் கடைசியில் உட்கார்ந்திருப்பாள். பொண்ணு மாப்பிள்ளைக்கு விபூதி பூசமாட்டாள். என் மகள் பிறந்தபோது பார்க்க வந்தவள், குழந்தையை நீட்டினபோது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த மகள் வயிற்றில் இருக்கும்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. கால் வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்து, ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதைக் கத்தரித்து எடுத்தபோது, கட்டிலில் படுத்தபடியே நான் குழாயடியில் அம்மா கையில் பார்த்ததை நினைத்தேன். வலி பொறுக்காமல் அழுகிறேன் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

அப்பா ஒன்றும் தெரியாமலேயே போனார். அம்மா கடைசிக் காலத்தில் இங்கே மயூர் விஹாரில் என்னோடுதான் இருந்தாள், உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள், எவ்வளவு சாது என்று சொல்வீர்கள். ஒரு நாள் மத்தியானம் தலை வாரிவிடும்போது கேட்டுவிட்டேன். "அன்னிக்கு அந்தக் கோழிக்கால்ல வளையத்தப் பாத்தேல்லம்மா?"

மறந்துவிட்டது என்று சொல்வாள் என்று நினைத்தேன். "பாத்தேன்" என்றாள் உடனே.

"ஏன் சொல்லல?"

"சொன்னா உங்கப்பா அவள வச்சுக்கிடுவாரு. ஒன்ன ஊருல பெரியப்பா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவோம், இங்க எடமில்லன்னு அதுக்கு முந்தியே ரெண்டு தரம் பேசிட்டாரு. அங்க போயிருந்தா நீ என்ன ஆயிருப்ப? தீப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்திருப்ப. ரெண்டு பொம்பளைல ஒருத்திக்குத்தான் அந்த வீட்டுல எடம். நா பெத்தவள வச்சுக்கிட்டேன்." அப்புறம், "பின்னல இறுக்கிப் போடாத, தலை வலிக்குது" என்றாள்.

நான் படித்த படிப்பும், பார்த்த வேலையும், இந்த ஃப்ளாட்டும், உங்களோடு இந்தப் பெஞ்சும் எல்லாம் அப்படி வந்தவைதான். அம்மாவை வெறுக்கவும் முடியவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு அத்தைக்குப் போன் போட்டேன். மாமாவின் தம்பி வீட்டுப் பின்கட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருக்கிறாள், எண்பது தாண்டிவிட்டது. அந்த வீட்டுப் பையன் போனை அவளிடம் கொடுத்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். புறா வளையம், பிளையர், வெந்நீர், அம்மா தண்ணீருக்குள் வைத்திருந்த கை. "உங்க கைல ஒரு குத்தமும் இல்ல அத்தை. அது ராசியே இல்ல" என்றேன். நல்ல சேதி சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

கட் ஆகிவிட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"இருக்கேன்" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எல்லாம் எந் தலையெழுத்துன்னு இத்தன வருசம் பேசாம கெடந்தேன் தாயி. இப்ப மனுசங்கதான் செஞ்சாங்கங்குற. ஒங்கப்பனும் இல்ல, ஒங்காத்தாளும் இல்ல, எம் புருசனும் இல்ல. ஒருத்தராவது உசுரோட இருக்கையில சொல்லிருக்கக் கூடாதா? இனி நா யாரப் போயி வைய?"